ரயிலடியில் லியூ சொன்ன சொல்

கோவில்பட்டியில் சீன மொழி பேசத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னால் லேசில் யாரும் நம்பமாட்டார்கள். செண்பகவல்லியும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் இல்லை. மந்தித்தோப்பு ரோட்டில் வாடகை வீடு. புருஷன் திருப்பதி ஆட்டோ ஓட்டினான். மகள் காவியா ஐந்தாம் வகுப்பு. குழாயடியில் பார்க்கிறவர்களுக்கு அவள் அந்தத் தெருவில் இன்னொரு பெண், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது எப்போதும்வென்றான் என்ற கிராமத்தில். உளுந்தும் பாசியும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம். சின்ன வயதிலேயே தாய் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அப்பா வேறு கல்யாணம் முடித்துக்கொண்டார். தாயின் தங்கை பெருமாயிதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைப் பெட்டியில் அடைக்கிற வேலை பார்த்து, அவளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்து, கழுகுமலைப் பக்கத்துப் பையன் திருப்பதிக்குக் கட்டிக் கொடுத்ததும் பெருமாயிதான்.

திருப்பதி அப்போது திருநெல்வேலியில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை பார்த்தான். பொம்மை, வளையல், கிளிப் என்று ஃபேன்சி சாமான் எல்லாம் சீனாவில் யீவூ என்ற ஊரிலிருந்து வரும். அங்கேயே தங்கி சரக்குப் பார்த்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி அவனை அனுப்பினார். கல்யாணமான அடுத்த வருஷம் செண்பகவல்லியும் போனாள். விமானத்தில் ஏறும்வரை அழுதுகொண்டிருந்தவள், போய் ஒரு வருஷத்தில் கறிக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

திருப்பதிக்குக் கடைச் சீனம் தெரியும். எண்ணிக்கை, விலை, கலர், 'எப்போ வரும்', 'குறைச்சுக்கோ.' அதற்கு மேல் அவன் போகவில்லை. செண்பகவல்லி போனாள். பக்கத்து வீட்டில் ஷென் என்றொரு பெண், இவளைவிடப் பத்து வயது மூத்தவள். ஷென் அக்காவின் மகள் சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது செண்பகவல்லியும் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள்.

அப்படி ஒரு சாயங்காலம் கற்றுக்கொண்டதுதான் 背 என்ற எழுத்து. அன்றைக்கு அந்தச் சிறுமி பாடத்தை ஒப்பிக்க வேண்டும். புத்தகத்தை ஷென்னிடம் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு கடகடவென்று சொன்னாள். "எதற்குத் திரும்பி நிற்கிறாள்?" என்று செண்பகவல்லி கேட்டாள். ஷென் சிரித்துக்கொண்டே அந்த எழுத்தை எழுதிக் காட்டினாள். மேல்பாதியில் இரண்டு ஆட்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதியில் அந்த மேல்பாதியே தனி எழுத்தாக இருந்ததாம். வீட்டைத் தெற்குப் பார்த்துக் கட்டினால் முதுகு வடக்குப் பக்கம்தானே இருக்கும், அதனால் அது வடக்குத் திசைக்குப் போய்விட்டது. பிறகு, முதுகுக்கு என்று கீழே சதையைக் குறிக்கும் எழுத்தை ஒட்டவைத்து இதைச் செய்தார்கள்.

உச்சரிப்பு, கிட்டத்தட்ட நாம் மழையைப் பார்த்து 'பெய்' என்கிறோமே, அதுதான். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதும்வென்றானில் எத்தனை ஐப்பசி அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் ஷென் அவளைச் சிரிக்க விடவில்லை. ஓசையில்தான் எல்லாம் இருக்கிறது என்றாள். 'பெய்' என்பதைத் தூரத்துக் காட்டில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி மேலேயே நிறுத்திச் சொன்னால், முதுகில் தூக்கிச் சுமப்பது. 'போ' என்று ஆட்டை விரட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே போட்டுச் சொன்னால், முதுகு. பார்க்காமல் ஒப்பிப்பதும் அந்தக் கீழே விழுகிற 'பெய்'தான். ஒருவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வதும் அதுதான். பழைய புத்தகங்களில், கொடுத்த வாக்கிலிருந்து திரும்பிக்கொள்வதற்கும் அதே எழுத்து.

"ஒரே எழுத்து சுமக்கவும் செய்யும், முதுகு காட்டவும் செய்யுமா?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"எழுதினால் ஒன்றுதான். வாயைத் திறந்தால்தான் தெரியும்" என்றாள் ஷென்.

கொஞ்ச நாளில் அந்தக் கட்டடத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினான். படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்த பெண்கள் 'பெய், பெய்' என்று மேலேயே நிறுத்திக் கத்தினார்கள். செண்பகவல்லியும் கத்தினாள். பக்கத்தில் நின்ற திருப்பதி, "உன்னையும் தூக்கட்டுமா?" என்று கேட்டு அவளை வெட்கப்பட வைத்தான்.

இரண்டாயிரத்து இருபது பொங்கலுக்குக் காவியாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். திரும்பிப் போக முடியவில்லை. நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. திருநெல்வேலி முதலாளி வியாபாரத்தை மூடினார். யீவூவில் சட்டையை உள்ளே விட்டு, கையில் கால்குலேட்டருடன் நடந்த திருப்பதி, காக்கிச் சட்டை போட்டு ஆட்டோவில் உட்கார்ந்தான். அதைப் பற்றி அவன் பேசவே மாட்டான். செண்பகவல்லி, சித்தி பெருமாயி வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசிலேயே சேர்ந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அந்த ஆபீஸ் முதலாளி பரமசிவன் சீனாவிலிருந்து ஒரு மிஷின் வாங்க ஏற்பாடு செய்தார். குச்சியை எண்ணிப் பெட்டியில் அடைத்து, பண்டல் கட்டி வெளியே தள்ளுகிற மிஷின். அதைப் பொருத்திப் பூட்டிக் கொடுக்க லியூ என்ற மெக்கானிக் வருகிறார் என்றும், அவருக்கு இங்கிலீஷ் வராது என்றும் பேச்சு வந்தபோது, பெருமாயிதான் முதலாளியிடம் போய், "எங்க செம்பகம் சீனத்துல நல்லாப் பேசுவாளே அண்ணாச்சி" என்று சொன்னாள். அன்றிலிருந்து செண்பகவல்லிக்குப் பெட்டி அடைக்கிற வேலை இல்லை. முதலாளியின் அறைப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

மிஷின் வரப்போகிறது என்றதும் பெட்டி அடைக்கிற பெண்களுக்குக் கலக்கம் வந்துவிட்டது. நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆவுடைத்தாய் என்பவள் கொஞ்சம் துணிந்தவள். மிஷின் இறங்குவதற்கு முன்னாலேயே யூனியன்காரரைப் பார்த்துப் பேசிவிடவேண்டும் என்றாள். விஷயம் காதுக்கு எட்டி, முதலாளியே பெண்கள் வேலை பார்க்கிற ஷெட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, நான் உங்களை எல்லாம் தெருவுல விட்டுருவேனா? உங்க கைக்கு ஓய்வு குடுக்கத்தான் மிஷின் வாரது. யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன். செண்பகத்தக் கேளுங்க."

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி சொல்லுதது நெசமா? அந்தச் சீனாக்காரன்கிட்ட நீதான பேசப்போற. நீ சொல்லு" என்றாள் ஆவுடைத்தாய்.

"நெசந்தாங்க்கா. அப்படி ஒண்ணு இருந்தா எனக்குத் தெரியாம நடக்குமா?"

பெருமாயி எழுந்து நின்று, "எம் பிள்ளை உள்ள இருக்கா. பெறகு என்னத்துக்கு யூனியனு கீனியனு?" என்றாள். பேச்சு அதோடு அடங்கியது.

லியூ வந்தார். ஹூனான் மாகாணத்துக்காரர், குள்ளம், எப்போதும் கையில் ஒரு வெந்நீர் ஃப்ளாஸ்க். உறைப்புச் சாப்பிடமாட்டார் என்று நினைத்து முதல் நாள் தயிர்சாதம் கொடுத்தார்கள். அவர் பக்கத்து இலையில் இருந்த முண்டு மிளகாய் வத்தலை எடுத்துக் கடித்துவிட்டு இன்னும் கேட்டார். அதற்குப் பிறகு பெண்களுக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. ஆளுக்கொரு நாள் வத்தக்குழம்பு கொண்டுவந்தார்கள். அவர் பேச்சைத்தான் செண்பகவல்லி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது. யீவூவில் கேட்ட சீனம் வேறு, இவர் பேசுவது வேறு. அவர் ஊர்ப்பக்கத்தில் கீழே விழவேண்டிய ஓசைகள் விழுவதில்லை. மேலேயே நிற்கும், அல்லது இன்னும் கொஞ்சம் ஏறும். முன்னே பின்னே வருகிற சொற்களை வைத்து அவள் பிடித்துக்கொள்வாள்.

லாட்ஜிலிருந்து லியூவைக் கூட்டிவரவும் கொண்டுபோய் விடவும் திருப்பதியின் ஆட்டோவை முதலாளி அமர்த்தினார். செண்பகவல்லிக்குச் சந்தோஷம். வீட்டில் இரண்டு பேருமே பழையபடி சீனத்தில் கேலி பேசிக்கொண்டார்கள். திருப்பதி ரொம்ப நாளைக்குப் பிறகு சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினான். சில நாள் அவன் லாட்ஜிலிருந்து வரத் தாமதமாகும். கேட்டால், "லியூ கடைக்குப் போகணும்ன்னார்" என்பான்.

மிஷின் பூட்டி, ஓட்டிப் பார்த்து, லியூ கிளம்புகிற நாள் வந்தது. சென்னை ரயிலில் ஏற்றிவிட செண்பகவல்லியும் போனாள். கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகளை லியூவின் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். திருப்பதி தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். லியூ அவன் போன பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, "நி லாவ்கோங் பெய்ஜ நி..." என்று ஆரம்பித்தார். 'லாவ்கோங்' என்றால் புருஷன். 'நி' என்றால் நீ. 'பெய்' மேலேயே நின்றது. அதற்குள் ஒலிபெருக்கியில் வண்டி வருகிற அறிவிப்பு இரைந்து, மீதி அதில் அமுங்கிப்போனது.

உன் வீட்டுக்காரர் உன்னை முதுகில் சுமக்கிறார். செண்பகவல்லிக்கு அந்த நாலு மாடிக் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. முகம் சிவக்கச் சிரித்தாள். "ஆமாம், தெரியும்" என்று சீனத்தில் சொன்னாள். லியூ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் வண்டி வந்து நின்றது, திருப்பதி பாட்டிலோடு ஓடிவந்தான்.

திரும்பும்போது ஆட்டோவில் பின்னாலிருந்து அதை அவனிடம் சொன்னாள். "'நி லாவ்கோங் பெய்ஜ நி'ன்னு சொல்லுதார். நீங்க என்னச் சுமக்கீங்களாம். என்னத்தைக் கண்டாரோ! உங்களப் பத்தி அவருக்கு அவ்வளவு மதிப்பு."

திருப்பதி மெயின் ரோட்டில் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனான். "வேற என்ன சொன்னார்?" என்று கேட்டான்.

"ரயில் வந்துட்டு. வேற ஒண்ணும் கேக்கல."

"சரி" என்று வண்டியைத் திருப்பினான்.

மறுநாள் அதைச் சித்தியிடமும் சொன்னாள். ஷெட்டு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாசம் ஒன்றுகூட முழுசாக ஓடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கேட் பாதி சாத்தியிருந்தது. மிஷினுக்கு வேண்டிய சில பேரை மட்டும் வாட்ச்மேன் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விட்டான். மற்றவர்களை நிற்கச் சொன்னான். பிறகு மேஸ்திரி வந்து, "இனி பெட்டி அடைக்க ஆள் வேண்டாம்னு அண்ணாச்சி சொல்லிட்டார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பெருமாயி சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

செண்பகவல்லி நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, யாரையும் அனுப்பமாட்டேன்னு சொன்னீங்களே? நான்தான அவியகிட்ட சொன்னேன்?"

"உக்காரும்மா. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"என் வேலையையா கேட்டேன்?"

"இத்தனை பேரு போதும்னு லியூவே சொல்லிட்டுத்தான் போயிருக்கார். மிஷின் வாங்குதவன் அதக் கேக்காம வாங்குவானா?"

"என்கிட்ட அப்படி ஒண்ணும் அவர் சொல்லலையே."

"ஒங்கிட்டதான் சொல்லணுமா? இந்த ஊர்ல சீனம் தெரிஞ்சவ நீ ஒருத்திதானா?" என்றவர், சொல்லியிருக்கக்கூடாது என்பதுபோல் சட்டென்று போனை எடுத்துக்கொண்டார்.

ஏதோ போன் செயலியை வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்றுதான் செண்பகவல்லி அப்போதும் நினைத்தாள். வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று லியூவுக்கு வீடியோ கால் போட்டாள். அவர் பட்டறையில் இருந்தார். நடந்ததைச் சொன்னாள். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஸ்டேஷனிலேயே சொன்னேனே" என்றார் லியூ.

"ஸ்டேஷனில் நீங்கள் சொன்னது, என் வீட்டுக்காரர் என்னைச் சுமக்கிறார் என்றுதானே?"

லியூவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. போனை எதன்மேலோ சாய்த்து வைத்தார். யாரையோ முதுகில் தூக்குகிறவர் மாதிரி குனிந்து காட்டி, இது இல்லை என்று கையை ஆட்டினார். பிறகு நிமிர்ந்து, செண்பகவல்லிக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, அந்தப் பக்கம் இருக்கிற யாரோடோ வாயைப் பொத்திப் பேசுவதுபோல் பேசினார். திரும்பினார். டி.வி. செய்தி வாசிக்கிறவர்கள் சொல்கிற மாதிரி ஓசையைச் சிரமப்பட்டுக் கீழே இறக்கி, "பெய்" என்றார். இந்தத் தடவை அது விழுந்தது. உன் புருஷன் உனக்குத் தெரியாமல்...

"உன் முதலாளி, உன் புருஷன், நான். லாட்ஜில் வைத்து எத்தனையோ தடவை பேசினோம். எந்த வேலைக்கு எத்தனை ஆள் குறையும் என்பதுதான் பேச்சு. உன் புருஷன் எண்ணெல்லாம் நன்றாகச் சொல்வான். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அவன்தான் என்னைக் கேட்டுக்கொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் ஸ்டேஷனில் சொன்னேன். நீ சிரித்தாய். தெரியும் என்றாய். உனக்கு முன்பே தெரியும்போல என்று நினைத்துக்கொண்டேன்."

செண்பகவல்லி போனை வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வெயிலில் நடந்தே போனாள். திருப்பதி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அவள் வருகிற வரத்தைப் பார்த்ததும் இறங்கி நின்றான்.

"லாட்ஜுல உக்காந்து பேசுனீங்களா?"

"யாரு சொன்னா?"

"அவர் அன்னைக்கே சொல்லிட்டார். எனக்குத்தான் வேற மாதிரி கேட்டுட்டு."

அவன் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்தான். பிறகு சொன்னான். "ஒன் வேலைய எடுக்கமாட்டேன்னு அண்ணாச்சி சொன்னார். எனக்கு மிஷின் செக்‌ஷன்ல சூப்பர்வைசர் வேலை தாரேன்னார். காலம் பூராவும் இந்தக் காக்கியையே போட்டுக்கிட்டுத் திரியவா?"

"சித்தி?"

"சித்திக்கும் வயசாயிட்டு. வீட்டுல இருக்கட்டும்னு..."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? ஒன்னச் சீனாவுக்குக் கூட்டிட்டுப் போனது நான். இங்கன வந்தா எல்லாரும் ஒன்னத்தான் கூப்பிடுதாங்க. அண்ணாச்சி ஒரு நாள் என்னக் கூப்பிட்டு, 'ஒனக்கும் சீனம் தெரியுமாமே, திருப்பதி'ன்னு கேட்டார். அவர் கேட்டுட்டு நிக்காரு. தெரியாதுன்னா சொல்லச் சொல்லுத?"

அவளுக்கு அப்போது வேறொன்று புரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஆட்டோவில், பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் அந்தச் சொல்லைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாளே, அவனுக்கு அது சரியாகவே புரிந்திருக்கிறது. லியூ என்ன சொன்னார் என்று தெரிந்துதான் 'வேற என்ன சொன்னார்' என்று கேட்டிருக்கிறான். அவள் தப்பாகக் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் 'சரி' என்று வண்டியைத் திருப்பியிருக்கிறான். அதற்குப் பிறகும் ராத்திரி அவள் போட்ட தோசையைத் தின்றான். லாட்ஜில் பேசியதைக்கூட அவள் ஒருவேளை பொறுத்திருப்பாள். அந்த 'சரி'யை அவளால் பொறுக்க முடியவில்லை.

திரும்பவும் ஆபீசுக்குப் போனாள். கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பெண்கள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"பேசிக் குடுத்தது எங்க வீட்டுக்காரர்தான். எனக்குத் தெரியாது. தெரியாம நடக்காதுன்னு ஒங்ககிட்ட நான்தான் சொன்னேன்."

"புருஷனும் பொண்டாட்டியும் சேந்து நாடகம் போடுதீங்களாட்டி?" என்று ஆவுடைத்தாய் எழுந்தாள். "ஒன் வாய நம்பித்தான அன்னைக்கு யூனியனுக்குப் போகாம இருந்தோம். ஒனக்கு உள்ள நாற்காலி இருக்கு. போயி உக்காரு."

செண்பகவல்லி சித்தியைப் பார்த்தாள். பெருமாயி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சேலையை உதறி இடுப்பில் செருகி, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். கூடவே போனவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

அந்த நாற்காலிக்கு அவள் பிறகு போகவில்லை. யூனியன்காரரைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பேச்சுவார்த்தைக்குப் போனபோது அவளும் போய், முதலாளி ஷெட்டில் என்ன சொன்னார் என்பதைச் சொன்னாள். மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு பேசி என்ன பிரயோசனம் என்று யூனியன்காரரே சலித்துக்கொண்டார். சில பேருக்கு வேறு தீப்பெட்டி ஆபீசுகளில் வேலை கிடைத்தது. ஆவுடைத்தாய் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். பெருமாயி எப்போதும்வென்றானுக்கே திரும்பி, களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போனாள். இடையில் மிஷின் ஒரு தடவை மக்கர் பண்ணியபோது, லியூவிடம் பேசவேண்டும் என்று முதலாளி இரண்டு தரம் ஆள் அனுப்பினார். செண்பகவல்லி போகவில்லை. யாரையோ வைத்துச் சரிபண்ணிக்கொண்டார்கள். திருப்பதி இன்றைக்கும் அங்கே சூப்பர்வைசர்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய போன். நன்றாகவே இருக்கிறான்.

அவள் காவியாவைக் கூட்டிக்கொண்டு கழுகுமலையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். திருப்பதி ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவான். செண்பகவல்லி சாப்பாடு போடுவாள். "உப்பு போதுமான்னு அப்பாட்டக் கேளு" என்று மகளிடம் சொல்வாள். அவனும் மகளிடமே பதில் சொல்வான். இரண்டு தடவை அவன் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தான். அவள் அடுப்பைத் துடைக்க எழுந்து போய்விட்டாள்.

சுற்றுவட்டாரத்தில் சீன மிஷின் வாங்குகிறவர்கள் இப்போதும் அவளைத் தேடி வருகிறார்கள். அச்சடிக்கிற பிரஸ்காரர் ஒருவர் வந்தார், பாக்கெட் போடுகிற கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். அந்த மிஷினால் யாருக்கெல்லாம் வேலை மாறுமோ, அவர்களும் பக்கத்தில் இருக்கவேண்டும். சீனாக்காரர் சொல்கிற ஒவ்வொன்றையும் அவர்கள் காதிலும் விழுகிற மாதிரி தமிழில் சொல்வேன், அறைக்குள் உட்கார்ந்து பேசுவதற்கு வரமாட்டேன் என்பாள். பிரஸ்காரர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். கம்பெனிக்காரர் சிரித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். வேலை இல்லாத நாட்களில் கோயில் பக்கத்து ஓட்டலில் காய் நறுக்கப் போகிறாள்.

இந்தத் தை மாசக் கடைசியில் ஒரு நாள், ஓட்டலிலிருந்து வரும்போது வீட்டு வாசலில் பெருமாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சு இல்லை. செண்பகவல்லி வாசல்படிக்குக் கீழேயே நின்றாள்.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? கதவத் தொற" என்றாள் பெருமாயி. "புது உளுந்து. ஈரம் போகல. ஒங்க மொட்டை மாடியிலதான் வெயில் நல்லா விழுதுன்னு காவியா போன்ல சொன்னா."

"என்மேல கோவம் போயிட்டா சித்தி?"

"அது எங்க போவுது? கெடக்கு. நீ அந்த மூலையப் பிடி."

இருவரும் சாக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், பழைய சேலையை விரித்து உளுந்தைக் கொட்டிக் கையால் பரப்பினார்கள்.